ஸ்டோரில் உருகும் வெள்ளை மெட்டல்: அதற்குள் என்ன இருக்கிறது?

(பதுளையில் நடைபெற்ற சங்கக் கல்வி வகுப்பில், ஸ்டோர் தொழிலாளர்கள் முன்பும் அவர்களின் குடும்பத்தினர் முன்பும் ஆற்றிய உரை)



இந்த வகுப்பில் வழக்கமாகக் கொழுந்து நிறுவையைப் பற்றிக் கதைப்போம், அரைப்பேரைப் பற்றிக் கதைப்போம், சேமலாப நிதியைப் பற்றிக் கதைப்போம். இன்றைக்கு ஓர் உலோகத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறோம். மேசை மேல் பிளாஸ்டிக் பையில் ஒரு கட்டி இருக்கிறது, பாருங்கள். வெள்ளி மாதிரி மங்கலாக மின்னுகிறது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் கிட்டே வந்து பார்க்கலாம். ஆனால் பையைத் திறக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

ஸ்டோரில் வேலை செய்கிற அண்ணன்மாருக்கு இது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். வைட் மெட்டல். பேரிங்குக்குள் ஊற்றுவது. மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாருக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பழைய ஸ்டோர்களில் கூரைக்குக் கீழே, கட்டடத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதை லைன் ஷாஃப்ட் என்பார்கள். ஓர் எஞ்சினோ மோட்டரோ அந்தத் தண்டைச் சுற்றும். தண்டில் உள்ள சக்கரங்களிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ரோலரையும் சிஃப்டரையும் ஓட்டும். சுற்றுகிற எதையும் நம் தாத்தாமார் ரோதை என்றுதான் சொன்னார்கள். ரோதைமுனி என்று ஸ்டோருக்கு ஒரு சாமியையே வைத்தார்கள். அந்தச் சாமி சும்மா வரவில்லை. பெல்ட்டில் கை கொடுத்தவர்கள் இருந்த ஸ்டோர்களில்தான் அப்படி ஒரு சாமி தேவைப்பட்டது.

அந்தத் தண்டு காற்றில் நிற்க முடியாது. சில அடிக்கு ஒரு தாங்கி வேண்டும். அதுதான் பேரிங். இப்போது வருகிற மெஷின்களில் உருளும் குண்டு வைத்த பேரிங் இருக்கிறது. பழைய தாங்கிகளில் குண்டு கிடையாது. இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு வார்ப்பிரும்புக் கூடு, அதற்குள் உட்புறமாக இந்த வெள்ளை மெட்டல், அதன் நடுவில் தண்டு, இடையில் எண்ணெய். அவ்வளவுதான்.

தண்டு மெட்டலைத் தேய்த்துக்கொண்டுதான் சுற்றுகிறது என்று நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம். உண்மை வேறு. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பியூசம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சின் பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியதும் எண்ணெய் உள்ளே போகவில்லை, துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. துளையை அடைத்துப் பார்த்தார். அடைப்பை எண்ணெய் தள்ளி வெளியே எறிந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. சுற்றுகிற தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், பாரம் விழுகிற இடத்தில் அமுக்கி, அந்த எண்ணெய்ப் படலத்தின் மேலேயே மிதக்கிறது. மூன்று வருடம் கழித்து, 1886இல், ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். ஆகவே எண்ணெய்த் துளையைப் பாரம் விழாத பக்கத்தில் வைக்க வேண்டும். பாரம் விழும் இடத்தில் துளை போட்டால் எண்ணெய் அந்த வழியாகவே தப்பிவிடும். அளவு எடுத்துத் துளை போடத் தெரிந்த பழைய எஞ்சின் டிரைவர்மார் நம் ஸ்டோர்களில் இருந்தார்கள். டவர் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் துளை எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

தண்டு எண்ணெயில் மிதக்கிறது என்றால் மெட்டல் எதற்கு? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் மாலையில் நிறுத்தும்போதும் படலம் இருக்காது, அப்போது தண்டு நேரே மெட்டலில் உட்காரும். எண்ணெய் தீர்ந்தாலும் அப்படித்தான். தூசு வந்தாலும் சிக்கல். ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ந்த காற்று அடிப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்றில்தான் நம் தேயிலைக்கு மணமும் விலையும். அதே காற்றுத்தான் றோட்டு மண்ணை ஸ்டோருக்குள் கொண்டு வருகிறது. கடினமான பேரிங் என்றால் அந்த மண் துகள் நடுவில் நின்று தண்டைக் கீறும். வெள்ளை மெட்டல் மெதுவானது. துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். தண்டு கொஞ்சம் கோணலாக நின்றாலும் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். எண்ணெய் முற்றாக நின்று சூடேறினால், தண்டு இறுகிப் பிடிப்பதற்கு முன் மெட்டல் உருகி வழிந்துவிடும். தண்டு போனால் செலவு பெரிது, நாள் கணக்கில் ஸ்டோர் நிற்கும். மெட்டல் போனால் திரும்ப ஊற்றலாம். தொழிற்சங்கக் கூட்டம் என்றால் இந்த இடத்தில் ஓர் உவமை சொல்லத் தோன்றும். அதை விட்டுவிடுவோம், விஷயத்துக்குப் போவோம்.

இந்த மெட்டலைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில், மசாசுசெட்ஸ் மாநிலத்து டோண்டன் என்ற ஊரில் இருந்த ஐசக் பாபிட். அதனால்தான் சில கடைகளில் இதைப் பாபிட் மெட்டல் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். 1839ஆம் ஆண்டில் தன் பேரிங்குக்கு அவர் உரிமம் எடுத்தார். 1842இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு 20,000 டொலர் கொடுத்தது. நமக்குச் சுவையான விஷயம் வேறு ஒன்று. பேரிங்குக்கு வருவதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது பிரித்தானியா மெட்டல் என்ற கலப்பில் வீட்டுப் பாத்திரங்கள், அதில் தேநீர்ப் பாத்திரங்களும் உண்டு. வெள்ளீயம், அந்திமனி, செம்பு மூன்றும் கலந்தது. பேரிங் மெட்டலும் அதே மூன்றும்தான், அளவு மட்டும் மாறும். சீமையில் துரைசானி தேயிலை ஊற்றிய பாத்திரமும், இங்கே அந்தத் தேயிலையை அரைத்த ரோலரைத் தாங்கிய மெட்டலும் ஒரே குடும்பம்.

நல்ல வெள்ளை மெட்டலில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பங்கு வெள்ளீயம், ஏழரைப் பங்கு அந்திமனி, மூன்றரைப் பங்கு செம்பு. அம்மாமார் சுடுகிற தேங்காய் ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு மெது, இடையில் தேங்காய்ப்பூ கடினம். இங்கே வெள்ளீயம்தான் மாவு. அந்திமனியும் செம்பும் வெள்ளீயத்தோடு சேர்ந்து சின்னச் சின்னக் கடினப் படிகங்களாக உள்ளே கிடக்கும். பாரத்தை அந்தப் படிகங்கள் தாங்கும், மெதுவான பகுதி வளைந்து கொடுக்கும்.

நம் பதுளை ரயிலையும் இதில் சேர்க்கலாம். 1924ஆம் ஆண்டு பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து வண்டிகளின் அச்சுப் பெட்டியில் இருந்தது வெண்கலமும் அதன் மேல் பூசிய வெள்ளை மெட்டலும்தான். தெமோதரை வளைவில் ஏறி, பட்டிப்பொலை உச்சியைத் தாண்டி ஊவாத் தேயிலை கொழும்புக்குப் போனது அந்த மெட்டலின் மேல் உட்கார்ந்துதான். வெள்ளீயத்துக்கும் நம் தீவுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. பிரித்தானிய ஆட்சியில் வெள்ளீயம் பெருமளவு வந்தது மலாயாவிலிருந்து. அங்கே வெள்ளீயம் ஏற்றுவதற்காக 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போட்ட முதல் ரயில் பாதையில் வேலை செய்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோகப்பட்ட பயனியர் படையினர்.

இனி நம் கதை.

நம் அங்கத்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பேரிங் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஸ்டோரில் மெட்டல் ஊற்றுகிறவர் அவர்தான். செக்ரோலில் அவர் சாதாரண ஸ்டோர் தொழிலாளி.

அவர் செய்கிற வேலை என்னவென்று இங்கே உள்ள இளைஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய மெட்டலை உருக்கி எடுத்துக் கூட்டைச் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, சூடாக்கி, உட்புறத்தில் வெள்ளீயப் பூச்சுக் கொடுக்கிறார். பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் மெட்டல் கூட்டில் ஒட்டாது, சில வாரத்தில் கழன்று வரும். தண்டின் அளவுக்கு ஒரு குழாயை நடுவில் வைத்து, அதன் மேல் விளக்குப் புகை பிடித்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைக்கிறார். கூட்டிலோ களிமண்ணிலோ ஈரம் இருந்தால் உருகிய மெட்டல் வெடித்து முகத்தில் தெறிக்கும். இந்த மழைக்காட்டில் ஈரமில்லாத இடம் எங்கே? அதனால் இரண்டு தடவை சூடாக்குவார். வெள்ளீய மெட்டலை ஊற்ற 400 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். வெப்பமானி கொடுக்கவில்லை. காய்ந்த மரக்குச்சியை விட்டுப் பார்ப்பார். குச்சி கருகினால் சரி, தீப்பிடித்தால் சூடு கூடிவிட்டது. பிறகு நிறுத்தாமல் ஒரே ஊற்று. ஆறினதும் தண்டில் நீல மை தடவி உட்கார வைத்து, மை பட்ட மேட்டையெல்லாம் சுரண்டியால் சுரண்டி, மறுபடியும் மை தடவி, மறுபடியும் சுரண்டி, தண்டு முழுவதும் ஒரே சீராக உட்காரும்வரை செய்வார். ஒரு நாள் வேலை அது. அன்றைக்கும் அவருக்கு மற்றவர்களைப் போல ஒரு பேர்தான்.

போன வருடம் அந்த ஸ்டோரில் ரோலர் பேரிங் அடுத்தடுத்து உருகி விழுந்தது. முன்பு வருடக் கணக்கில் நின்ற பேரிங், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. வேலை பிழை என்று பேரிங் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "கை நடுங்குது போல, வயசாச்சு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அண்ணன் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கையில் ஒரு மெட்டல் துண்டும் இருந்தது. "முந்தி வந்த கட்டி மாதிரி இது இல்ல தம்பி. கனமா இருக்கு. ஊத்தும்போது ஓட்டமும் வேற" என்றார்.

அந்தக் கனம்தான் எங்களுக்குப் பிடி கொடுத்தது. வெள்ளீயத்தால் ஆன மெட்டலின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 7.4 மடங்கு. விலை குறைந்த இன்னொரு வகை உண்டு, அதில் நூற்றுக்கு 75 பங்கு ஈயம், 15 பங்கு அந்திமனி, 10 பங்குதான் வெள்ளீயம். அதன் அடர்த்தி 9.7 மடங்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். தராசுக்கு ஒன்றல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடீஸ் விதி சொல்லிக் கொடுக்கிறோமே, அதையே செய்தோம். துண்டை நிறுத்தோம், 389 கிராம். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தோம். துண்டை நூலில் கட்டி, கோப்பையின் அடியில் தட்டாமல் தண்ணீரில் முழுக இறக்கினோம். தராசு 40 கிராம் காட்டியது. 389ஐ 40ஆல் வகுத்தால் 9.7. வெள்ளீய மெட்டலாக இருந்திருந்தால் தராசு 53 கிட்டக் காட்டியிருக்கும். மூன்று தடவை செய்தோம், அதே விடைதான். ஆய்வுகூட அறிக்கை என்று இதைச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

ஈய மெட்டல் போடுவதே மோசடி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரம் குறைந்த, மெதுவாகச் சுற்றுகிற இடத்துக்கு அதை உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். வெள்ளீயத்தின் விலை ஈயத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல், ஆகவே நிர்வாகம் சிக்கனம் பார்ப்பதும் புரிகிறது. தவறு வேறு இடத்தில். புதிதாக வாங்கிய ஈயக் கட்டியையும், பழைய பேரிங்கிலிருந்து உருக்கி எடுத்த வெள்ளீய மெட்டலையும் ஒரே சட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்தால், 183 பாகையிலேயே உருகத் தொடங்குகிற ஒரு கலவை உள்ளே உருவாகும். ஈயம் கலக்காத வெள்ளீய மெட்டல் 240 பாகை வரை அசையாது. அதனால்தான் தரமான வெள்ளீய மெட்டலில் ஈயம் நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்கக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். சூடேறிய ரோலரில் அந்தக் கலப்பு மெட்டல் எப்படி நிற்கும்? பேரிங் அண்ணனின் கை நடுங்கவில்லை. சட்டிக்குள் இருந்தது பிழை.

இதை எழுதிக் கொடுத்தோம். பேச்சுவார்த்தைக்குப் போனோம். தராசையும் கோப்பையையும் கொண்டுபோய் மேசையில் வைத்து இன்னொரு தடவை செய்து காட்டினோம். முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே ஒரு தடவை இறக்கிப் பார்த்தார்கள். கட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிய சீட்டு இல்லாமல் இனி மெட்டல் வாங்குவதில்லை, பழையதையும் புதியதையும் கலப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் இன்னும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. தரம் உயர்த்தும் பேச்சும் அப்படியே நிற்கிறது. பேரிங் அண்ணன் இன்றைக்கும் செக்ரோலில் சாதாரணத் தொழிலாளிதான். அதற்காக அடுத்த மாதம் தொழில் திணைக்களத்துக்குப் போகிறோம்.

தாய்மார் கவனிக்க வேண்டியது இனித்தான். ஈயம் என்று தெரிந்ததும் எங்கள் நினைப்பு பேரிங்கை விட்டு வேறு பக்கம் போனது. மெட்டலை உருக்கும்போது மேலே சாம்பல் மாதிரி ஓர் ஏடு படியும். அதை வழித்துக் கொட்ட வேண்டும். எங்கே கொட்டுகிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்டோம். கொட்டிலுக்குப் பின்னால் என்றார். போய்ப் பார்த்தோம். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சரிவு, சரிவுக்குக் கீழே பிள்ளைக்காம்பரா. சாம்பல் நிறத் தூள் மழையில் கரைந்து இறங்கிய கோடு தெரிந்தது. மினுங்குகிற துண்டுகளைப் பொறுக்கிப் பையன்கள் விளையாட வைத்திருந்தார்கள். ஒருவன் டின் மூடியில் போட்டு உருக்கி நட்சத்திரம் வார்த்து வைத்திருந்தான். கெட்டிக்காரப் பையன். ஆனால் வார்த்தது அம்மா ரொட்டி சுடுகிற அடுப்பில்.

ஊற்றும் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாகாது, அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆவியைவிட அந்தச் சாம்பல்தான் மோசம். அது கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், கையிலிருந்து வாய்க்குப் போகும். வேலைச் சட்டையோடு லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் போகும். வாய்க்குள் போன ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல நான்கு ஐந்து மடங்கைச் சின்னப் பிள்ளையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்ற அளவே ஈயத்துக்கு இல்லை என்றும் அது சொல்கிறது. உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு ஈயம் இன்னும் கூடுதலாக ஏறும். நம் லயங்களில் எத்தனை பிள்ளைக்கு, எத்தனை தாய்க்கு இரத்தம் குறைவு என்று கிளினிக் அட்டையைப் பார்த்தால் தெரியும். பெரியவர்களுக்கு வயிற்று வலி, மலச்சிக்கல், தலையிடி, கை மணிக்கட்டுத் தளர்ச்சி. பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் நிற்காது. வகுப்பில் பின்னால் உட்காரும் பிள்ளைக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பசி, தூரம், ஆசிரியர் இல்லாமை என்று எத்தனையோ உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் நின்று பார்க்கிற எங்களுக்கு அந்தச் சரிவைப் பார்த்த பிறகு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

கொட்டிலை இப்போது ஸ்டோரின் மறுபுறம், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சாம்பலை மூடியுள்ள டின்னில் சேர்த்து, மெட்டல் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு. சரிவின் மேல்மண்ணை அகற்றச் சொல்லி எழுதியிருக்கிறோம், அது நடக்கவில்லை. அதுவரை பிள்ளைக்காம்பரா ஆயாம்மா பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. பேரிங் அண்ணனுக்கும், நட்சத்திரம் வார்த்த பையனுக்கும் இரத்தத்தில் ஈயம் பார்க்க வைத்தியரிடம் கடிதம் வாங்கியிருக்கிறோம். நாள் இன்னும் கொடுக்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஈய நஞ்சை அறிவிக்க வேண்டிய தொழில் நோயாகச் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இருக்கிறது. கையை மெஷின் எடுத்தால்தான் நட்டஈடு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஆனால் எந்த மெட்டலோடு, எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதற்கு எழுத்து வேண்டும். அதற்காகத்தான் பேரிங் அண்ணனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தோம். ஊற்றிய நாள், எந்தப் பேரிங், எந்தக் கட்டி, எத்தனை கிலோ. எழுத்து வராது என்று வெட்கப்பட்டார். இப்போது அவர் சொல்ல, ஏழாம் வகுப்பில் படிக்கிற மகள் எழுதுகிறாள்.

பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கமிருந்து வந்திருக்கிறவர்கள் உங்கள் ஸ்டோரில் இன்னும் வெள்ளை மெட்டல் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். ஊற்றுகிறார்கள் என்றால் அடுத்த வகுப்புக்குக் கட்டைவிரல் அளவு துண்டு ஒன்று கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பெரியவர்கள்தான் கொண்டுவர வேண்டும். கட்டியில் ஒட்டிய சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். தராசு இங்கே இருக்கும், நிறுத்துப் பார்ப்போம். பழைய மெட்டலைத் தொட்டவர்கள் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் பீலிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வரவும். கல்வீட்டுப் பக்கத்துப் பீலியில் தண்ணீர் வருகிறது.